ஒன்றா ஏழா

வார்டோவில் சூரியன் வர
இன்னும் பதினொரு நாள்.
நவம்பரில் போட்ட விளக்கை
அணைத்த நினைவே இல்லை.
அதன் கீழே விதி எழுத உட்கார்ந்தேன்.

எங்கள் வேலை எளியது. சம்பளம் கிடையாது.
செத்துப்போன மாலுமிகள் மையால் எழுதிவைத்த
காற்றின் திசை, வேகம், பனியின் முதல் நாள்,
எல்லாவற்றையும் அவரவர் வீட்டிலிருந்து
கணினியில் ஏற்றுகிறோம்.
ஹாலிஃபாக்ஸில் ஒரு பல் மருத்துவர்.
ஹோபார்ட்டில் ஓய்வுபெற்ற ரயில் கார்டு, தெல்மா.
ஊலுவில் இரவுக் காவல் பார்க்கும் வெய்க்கோ.
நூற்று நாற்பது வருடத்துக்கு முந்திய ஒரு சமையல்காரனின்
எழுத்துப் பிழைகூட எங்களுக்கு அத்துப்படி.
ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது.

சண்டை ஓர் எண்ணில் தொடங்கியது.
மார்ச் மாதப் பக்கம். உப்புக் கறை.
துணைமாலுமி அவசரத்தில் இழுத்த கோடு.
ஒன்று என்றான் வெய்க்கோ.
ஏழு என்றாள் தெல்மா.
நான்கு மாதம்
ஒருவர் திருத்தியதை மற்றவர் திருத்தினார்.
அதே கடலில், அதே மணியில்
காற்று புகையைக்கூடக் கலைக்காமல் கிடந்தது;
மறுநாள் காலை பார்த்தால் பாயைக் கிழித்துக்கொண்டிருந்தது.
பிறகு வார்த்தைகள் தடித்தன.
குருடு என்றார் ஒருவர்.
என்ன படித்தாய் என்றார் மற்றவர்.

விட்டுப் போனது அந்த இருவரும் இல்லை.
வாயே திறக்காத ஓட்வார் போனான்,
பதினாறாயிரம் பக்கம் முடித்தவன்.
‘இங்கே காற்று சரியில்லை.’
அவ்வளவுதான் எழுதியிருந்தான்.

அதற்குப் பிறகுதான்
வழக்குத் தீர்க்க ஐவர் வேண்டும் என்றோம்.
ஐவரை எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதை
என் தலையில் கட்டினார்கள்.
படகுக் கம்பெனியில் இருபது வருடம்
கூட்டக் குறிப்பு எழுதிய பாவம்.

வாக்களிக்க எத்தனை பக்கம் முடித்திருக்க வேண்டும்?
நூறு என்று போட்டேன்.
தொண்ணூற்றேழோடு ஒருத்தி வந்து நின்றாள்.
ஐம்பது ஆக்கினேன்.
நாற்பத்தெட்டு இருமினார்.
கோட்டை எங்கே போட்டாலும்
அந்தப் பக்கம் யாரோ குளிரில் நிற்கிறார்கள்.

யாரும் வேண்டாம் என்பதற்கும் ஒரு கட்டம் வைத்தேன்.
அந்தக் கட்டம் ஜெயித்துவிட்டால் என்ன செய்வீர்கள்
என்று கேட்டார் பல் மருத்துவர்.
நாற்காலி காலியாக இருக்கட்டும் என்றேன்.
அவர் தொழிலில் அப்படி விடுவதில்லையாம்.

புகாரில் சிக்கியவர் போட்டியிடக் கூடாது:
இந்த ஒரு வரியை எழுதி நிமிர்ந்தபோது
எனக்கே என்மேல் மரியாதை வந்தது.
‘பிடிக்காதவன்மேல் ஒரு புகார் போட்டால் போதுமே’
என்று எழுதினாள் தெல்மா.
‘அவள் சொல்வது சரி’ என்று அடியில் வெய்க்கோ.
நான்கு மாதத்தில் முதல் தடவை.
அந்த வரியை அடித்தேன். வலிக்கவில்லை.

புதன்கிழமை புயலில் மின்சாரம் போயிற்று.
மீதியை டார்ச் வெளிச்சத்தில் பென்சிலால் எழுதி
படம் பிடித்து அனுப்பிவிட்டுத் தூங்கினேன்.

காலையில் இரண்டே கடிதம்.
பத்தாம் விதி. முடிவு அறிவித்த பின்
ஆட்சேபம் சொல்ல எத்தனை நாள்?
ஏழு என்று படிக்கிறான் வெய்க்கோ, பெருந்தன்மையாக.
ஒன்று என்கிறாள் தெல்மா. ஒரே நாளாம், இது அநியாயமாம்.

தாளை எடுத்து ஜன்னலருகே பிடித்தேன்.
ஜன்னலில் என்ன இருக்கிறது, இருட்டுத்தான்.
விளக்கடிக்குக் கொண்டுவந்தேன். திருப்பினேன்.
கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தேன்.
என் கை. என் பென்சில். நேற்று ராத்திரி.
எனக்குத் தெரியவில்லை.

மாலுமியே,
உன்னிடம் கேட்டிருந்தாலும்
நீயும் இப்படித்தான் விழித்திருப்பாய்.

வெளியே காற்று இன்னும் ஓயவில்லை.
புதுத் தாள் எடுத்து
பத்தாம் விதியை மறுபடி எழுதுகிறேன்.
ஏழு நாள்.
எண்ணால் வேண்டாம்,
எழுத்தால்.